கல்யாணத் தண்ணி

என் வயசொத்தவர்களே, பல் உள்ளவர்களே, பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்திருப்பவர்களே, என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தயவுசெய்து வலப்பக்கமாக வந்து உட்காருங்கள். என் இடது காது பிறந்ததிலிருந்தே அரைவேளைதான் வேலை பார்க்கிறது. அதற்குக் காரணம் ஒரு சோடா என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். உங்களுக்கு விஷயம் தெரியும்.

போன வாரம் கோலாலம்பூர் செராஸில் மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தேன். கமர்கட்டு, தேன் மிட்டாய், எள்ளுருண்டை என்று நம் ஊர்ப் பண்டமெல்லாம் கப்பலேறி வந்து தகரத் தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன. எடுக்க ஆள் இல்லை. குளிர்பெட்டிக்குள் நான் தேடிய சோடாவும் இருந்தது. கையை நீட்டினேன். "அம்மா, சுகர் எவ்ளோ இருக்குன்னு தெரியும்லா, வேணாம்லா" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிடைக்காத காலத்தில் வயது இருந்தது, வயது போன காலத்தில் கிடைக்கிறது. போகட்டும்.

இந்தச் சோடாக் கதை நடந்தபோது எனக்கு ஏழு வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கள் வீடு. அப்பா கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி. அந்தக் காலத்தில் கிராணி என்றால் காதில் பென்சில் செருகிய சின்னத் துரை. அப்பா முன்னாலேயே மலாயாவுக்கு வந்துவிட்டார். அம்மா என்னைச் சுமந்துகொண்டு சாத்தூருக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் மாமியார் வீட்டில் இருந்தாள். எனக்கு அஞ்சு வயதானபோதுதான் நாங்கள் இருவரும் கப்பலேறினோம். கோலாலம்பூரில் அம்மாவுக்குப் பிடித்தது குழாய்த் தண்ணீர் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஈரம், புழுக்கம், அட்டைப்பூச்சி.

நான் சொல்ல வருவது ஒரு டுரியான் பழக்காலம். வரிசை முழுக்க டுரியான் வாசம், அம்மாவுக்கு மசக்கை. இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டே சோறு வடிப்பாள். நான்காம் மாதம் வாந்தி நின்றது, ஆசை பிடித்தது.

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். இது நமக்கெல்லாம் தெரிந்த சட்டம். அதற்குச் சாட்சி வீட்டிலேயே இருந்தது. நான்தான் சாட்சி. என் இடது காது மாதத்தில் பாதி நாள் ஒழுகும். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விட்டு, பஞ்சை அடைத்து, ஒரு பக்கமாகப் படுக்க வைப்பாள் அம்மா. நான் வயிற்றிலிருந்தபோது அவள் கேட்டது கிடைக்கவில்லை. கேட்டது கிடைக்கவில்லை என்பதைவிட, கேட்கவே முடியவில்லை என்பதுதான் சரி.

"இவ காதைப் பாருங்க. வர்ற புள்ளைக்கும் இந்தக் கதி வரணுமா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா நடுங்கிப் போனார். என் காதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு குற்றவாளிக் களை வரும். "என்ன வேணும்னு சொல்லு புள்ள, இந்தக் கோலாலம்பூரையே புரட்டிடறேன்" என்றார்.

"நம்ம ஊர்ச் சோடா."

"அவ்வளவுதானா?"

மறுநாள் மாலை சைக்கிளில் இரண்டு பக்கமும் புட்டிகள் கிலுகிலுக்க வந்தார். லெமன் சோடா. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள். "இது இல்ல." அடுத்த நாள் இஞ்சிச் சோடா. இது இல்ல. அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, தார் நிறத்தில் ஒன்று. அந்தக் கறுப்புத் தண்ணீரை முகர்ந்துவிட்டு, "இதை மரத்துக்கு அடிப்பாங்க" என்று வைத்துவிட்டாள். அப்பா ஒருவேளை ஆசை மிட்டாயில் இருக்குமோ என்று எண்ணி, சீனர் கடையில் சீனிப்பாகில் ஊறிய பூசணித் துண்டும், வெள்ளைக்காரத் துரைமார் கடையில் பூப்போட்ட டின்னில் டாபியும் வாங்கி வந்தார். அம்மா ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது. அந்த மூன்று வாரம் நான் வாழ்ந்த வாழ்வை எந்த ராஜா மகளும் வாழ்ந்திருக்க மாட்டாள். என் காது எக்கேடோ கெடட்டும், மசக்கை மட்டும் நீடிக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அந்த டாபி அப்படி.

"எந்தச் சோடாதான் புள்ள? பேரைச் சொல்லேன்."

அம்மா சுவரைப் பார்த்தாள். "வாசமா இருக்கும்."

"என்ன வாசம்?"

"கல்யாண வாசம்."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு வேலைக்குப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முன்புறம் அப்பாவும் கூட்ஸ் ஷெட் கூட்டாளிகள் மூன்று பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படியில் என்னைக் கூப்பிட்டாள். ஆண்கள் இருக்கும் இடத்துக்கு அவள் வரமாட்டாள். என் வலது காதைப் பிடித்து இழுத்து, "அப்பாகிட்ட சொல்லு. கல்யாண வீட்டு வாசல்ல தருவாங்கள்ல ஒரு தண்ணி, அந்தத் தண்ணில செஞ்ச சோடான்னு சொல்லு" என்றாள்.

நான் ஓடினேன். நான்கு எட்டு வைப்பதற்குள் பாதியை மறந்துவிட்டேன். மிச்சத்தைச் சத்தமாகச் சொன்னேன்.

"அப்பா, அம்மாவுக்குத் தண்ணி வேணுமாம். கல்யாண வீட்டுல தருவாங்களே, அந்தத் தண்ணி!"

சீட்டாட்டம் நின்றது. ரயில்வே குவார்ட்டர்ஸில் 'தண்ணி' என்றால் ஒன்றுதான், அது குழாயில் வருவதில்லை. கூட்டாளிகளில் ஒருவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, அண்ணிக்கு ஆசைன்னா குடுத்திடணும்லா. இதுல என்ன வெக்கம்?" என்றார். இன்னொருவர், "கள்ளா, சாராயமான்னு கேட்டுக்குங்க. மாத்திக் குடுத்தா பலிக்காது" என்றார். அப்பாவின் காது இரண்டும் சிவந்துபோயின.

ஆனால் பாருங்கள், அப்பா கோபிக்கவில்லை. என் காதை ஒருமுறை பார்த்தார். சைக்கிளை எடுத்தார். மளிகைக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் பெண்பிள்ளை சமாச்சாரம் என்று சொல்லி யோசனை கேட்டிருக்கிறார். சீனப் பெண்கள் பிள்ளை பெற்றால் தெம்புக்குக் குடிப்பது என்று அவர் ஒரு கறுப்பு பீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை அப்பா கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து, கண்ணை மூடிக்கொண்டு அம்மாவிடம் நீட்டினார்.

"யாருகிட்டயும் சொல்லல. குடிச்சிரு. புள்ள காது நல்லா இருக்கட்டும்."

அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் சிக்னல் கம்பம் வரை கேட்டிருக்கும். "என்னை என்னான்னு நெனச்சீங்க? எங்க பரம்பரையில யாராவது..." முழுப் புட்டியும் சாக்கடைக்குப் போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது கதை. அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை, அம்மாவும் சாப்பிடவில்லை. சாக்கடை மட்டும் நுரைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சாக்கடை அடுத்த வீட்டைத் தாண்டித்தான் போகும். அடுத்த வீட்டில் இருந்தவர் மெதடிஸ்ட் சபை உபதேசியார். அவர் மனைவியை நான் பெரியம்மா என்பேன். குடி என்றாலே அவருக்கு ஆகாது. மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து ஜெபம் கேட்டது. "கர்த்தாவே, எங்கள் அண்டை வீட்டுச் சகோதரியை மதுபானத்தின் கண்ணியிலிருந்து விடுவியும்." சுவர் பலகைதான், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது. என் ஒற்றைக் காதுக்கே கேட்டது. மூன்று நாள் இப்படிக் கேட்டுவிட்டு, நான்காம் நாள் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். சண்டையைத் தவறவிடுகிற வயதா அது?

"அக்கா, நான் குடிகாரி இல்ல."

"அப்ப வேற என்னதாம்மா கேட்ட? வரிசை முழுக்கச் சொல்லுது, நீ தண்ணி கேட்டேன்னு."

"சோடாக்கா. ஊர்ச் சோடா."

"என்ன சோடா?"

அம்மாவின் வாய் திறந்தது, மூடியது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "அதை நான் சொல்ல முடியாதுக்கா. இவ வயித்துல இருக்கறப்பவும் மாமியாகிட்ட சொல்ல முடியல. கல்யாண வீட்டு வாசல்ல செம்புல வச்சுத் தெளிப்பாங்கள்ல..."

பெரியம்மா அம்மாவை உற்றுப் பார்த்தார். திடீரென்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, "அட பாவமே, வீட்டுக்காரர் பேரா!" என்றார்.

இங்கே நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரியம்மாவின் வீட்டுக்காரருக்கு நான்கு சுவிசேஷக்காரர்களில் கடைசியானவரின் பெயர். பெரியம்மா சபையில் வேதம் வாசிக்க எழுந்தால், "நாலாவது சுவிசேஷம், மூன்றாம் அதிகாரம்" என்றுதான் தொடங்குவார். நடுவில் அந்தப் பெயர் வந்தால் ஒரு இருமல். சபையில் எல்லாருக்கும் அந்த இருமலுக்கு அர்த்தம் தெரியும். அப்படிப்பட்டவருக்கு அம்மாவின் ஊமைத்தனம் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். எனக்குச் சண்டை போய்விட்டதில் ஏமாற்றம்.

என் அப்பா பெயரை நானும் சொல்லக் கூடாது. ஆனால் கதை நகர வேண்டுமே. அப்பாவின் பெயர் பன்னீர்செல்வம். அம்மா கேட்டது பன்னீர் சோடா.

ரோஜாப்பூ வாசம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அம்மா பிறந்த கரிசலில் பருத்திப் பூவைத் தவிர யார் எதைக் கண்டார்கள்? அவளுக்கு அது கல்யாண வீட்டில் தெளிக்கிற தண்ணீர். திருவிழாவில் மட்டும் வருகிற சோடா வண்டி. அந்த மணம் ரோஜாவிலிருந்து வருகிறது என்பதே அவளுக்குத் தெரியாது. அப்பா ஊரில் அந்த வண்டி வந்ததில்லை, ஆகவே அவருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை பெரியம்மா வேலியருகே நின்று அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க சம்சாரம் கேட்டது உங்க பேர்ல பாதி."

அப்பா யோசித்தார். முகம் தொங்கிப்போயிற்று. "செல்வமா? நான் என்னம்மா செய்வேன், கிராணி சம்பளம்தானே."

"பின்பாதி இல்லைய்யா, முன்பாதி! முன்பாதியில ஒரு சோடா!"

அப்பா சைக்கிளை வேலியில் சாய்த்தார். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். சத்தம் எனக்குக் கேட்டது.

பெயர் தெரிந்துவிட்டது, பண்டம்தான் கிடைக்கவில்லை. கோலாலம்பூரில் எந்தச் சோடாக் கம்பெனிக்காரரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அம்மாவுக்கு ஆறு மாதம் முடிந்து ஏழு பிறந்தது. வரிசைப் பெண்கள் வந்து அவள் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு என் காதைப் பார்ப்பார்கள், உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அப்பா தூக்கத்தில்கூடப் பன்னீர் பன்னீர் என்று முனகினார். தன் பேரைத் தானே சொல்லி முனகிய மனுஷர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கடைசியில் கூட்ஸ் வண்டி கார்டு ஒருவர் செய்தி கொண்டுவந்தார். கிள்ளானில் ஒரு நாகப்பட்டினத்துக்காரர் மிஷின் வைத்துச் சோடா போடுகிறாராம். கப்பலில் ஊரிலிருந்து பன்னீர் வந்தால் அந்தச் சோடாவும் போடுவாராம். இப்போது கப்பல் வந்திருக்கிறதாம்.

அடுத்த ஞாயிறு காலை ரயில்வே பாசில் மூன்று பேரும் கிளம்பினோம். இன்றைக்கு ஷா ஆலம் என்று நீங்கள் காரில் பறக்கிற பக்கமெல்லாம் அன்று ரப்பர் மரம், ரப்பர் மரம், இன்னும் ரப்பர் மரம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "கெடைக்குமா?" என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்டாள். அப்பா ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "கெடைக்கும்" என்றார். புகைக்கரி என் கண்ணில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கிள்ளான் கடைத்தெருவில் அந்தக் கடையைக் கண்டுபிடித்துவிட்டோம். நனைந்த கோணிச்சாக்குக்கு நடுவே கழுத்து நெரித்த பச்சைப் புட்டிகள், ஒவ்வொன்றின் தொண்டையிலும் ஒரு கோலிக்குண்டு. கோலாலம்பூரில் தகர மூடி வந்துவிட்டது, கோலிக்குண்டை நான் மறந்தே போயிருந்தேன். கடையில் ஒரே கூட்டம். அப்பா எங்களைக் கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு, எதிர்ச்சாரியில் அம்மா உட்கார ஒரு முக்காலி இரவல் கேட்கப் போனார். என் வாயில் ஒரு கமர்கட்டு. கடைக்காரர் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை.

எங்களுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டிக்காரர் வேர்த்து விறுவிறுத்து நின்றார். "ஏதாச்சும் ஒரு சோடா உடைங்க, தொண்டை காயுது" என்றார்.

கடைக்காரர் கைக்கு அகப்பட்டதை எடுத்தார். "பன்னீர் இருக்கு, கடைசி ஒண்ணு. இனிமே அடுத்த கப்பலுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே கட்டை விரலைக் கோலிக்குண்டின் மேல் வைத்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கமர்கட்டோடு "ம்ம்ம்" என்றேன். எதிர்ச்சாரியைப் பார்த்தாள். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு முக்காலி பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரரின் விரல் வெளுத்தது, அழுத்தப் போகிறார்.

"பன்னீரு!" என்று அம்மா கத்தினாள். "பன்னீரு! பன்னீரு!"

கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எதிர்ச்சாரியிலிருந்து, "யாரு? என்னா?" என்று ஒரு குரல். அப்பா முக்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மாட்டுவண்டிக்கும் ரிக்ஷாவுக்கும் நடுவே புகுந்து ஓடிவந்தார். தன்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று வந்தவருக்கு, கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும் கால் நின்றுவிட்டது. மாட்டுவண்டிக்காரர் அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். "எனக்கு எதுவா இருந்தா என்னம்மா, நீ குடி தாயி" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அம்மா இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்த்திருந்தார்களே. நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, நடுத்தெருவில் நின்றாள். அப்பா முக்காலியைப் போட்டார், அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கடைக்காரர் குண்டை அழுத்தினார். டப்பென்று ஒரு சத்தம், அந்த மணம். எனக்கு அதுவரை கல்யாண வீடே தெரியாது. ஆனால் கல்யாணம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பாதியில் நிறுத்தி எனக்கு ஒரு வாய் கொடுத்தாள். கடைசியில் இருந்த இரண்டு சொட்டை என் தலையைச் சாய்த்து இடது காதில் விட்டாள். "இவளுக்கும் சேரட்டும்" என்றாள். மருந்து என்று நினைத்துத்தான் செய்தாள், பாவம். மறுநாள் காலையில் என் தலையணை முழுக்க எறும்பு.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னொரு தடவை கூப்பிடேன் புள்ள." அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அடச்சீ, பேசாம வாங்க. வெள்ளிக்கிழமை கோயில்ல தேங்கா ஒடைக்கணும், உங்க ஆயுசுக்கு." உடைத்தாள். ஒன்றல்ல, மூன்று. மூன்று தடவை கூப்பிட்டாளே.

தம்பி பிறந்தான். மருத்துவச்சி குளிப்பாட்டும் முன்னே அம்மா அவன் இரண்டு காதையும் மோந்து பார்த்தாளாம். அவனுக்கு வாய்த்தது காது இல்லை, தந்திக் கம்பம். மூன்று வீடு தள்ளி டாபி டின் திறந்தால் இங்கே எழுந்து உட்காருவான். என் பங்கு மிட்டாயெல்லாம் போச்சு.

அதற்கப்புறம் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற சமயம். அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கடும் காய்ச்சல். இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். நான் அப்பா அப்பா என்றேன். தம்பி அப்பா என்றான். பேரப் பிள்ளைகள் தாத்தா என்றார்கள். எந்தக் குரலும் உள்ளே போகவில்லை.

கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா மெல்ல எழுந்தாள். வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்தாள். அவள் குரல் என் இடது காதுப் பக்கம்தான் வந்தது, ஆனாலும் கேட்டது.

"பன்னீரு."

அப்பாவின் இமை அசைந்தது. ஒரு கண் திறந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"என்ன புள்ள," என்றார், "சோடா தீந்துபோச்சா?"

நர்ஸ் ஓடிவந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ரெண்டு நாளா எழும்பாத மனுஷரு! யாரு கூப்பிட்டது?" என்று கேட்டார்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கையைச் சட்டென்று இறக்கி என்னைக் காட்டினாள்.

"நான் இல்லம்மா. இவதான் கூப்பிட்டா."